மூன்று வரிகளும் ஒரு ரோஜாவும்

பெண்கள் நல அறிவுரை வாரியத்தின் துண்டுப் பிரசுரத்தில் "உங்கள் இரகசியம் எங்கள் உயிர்" என்று ஒரு வரி உண்டு. வாரியம் அனுப்பிய கையெழுத்துப் பிரதியில் அந்த வரிக்குப் பின்னால் மூன்று ஆச்சரியக்குறிகள் இருந்தன. மூன்றையும் எடுத்தவள் நான்தான். அச்சகத்தில் பதினாறு வருடமாகப் புரூப் பார்த்துப் பிழை திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள், மருந்துப் பெட்டி அட்டை, இரங்கல் அட்டை என்று எதுவும் என் கண்ணைத் தாண்டாமல் மையைக் காண்பதில்லை. அந்தப் பிரசுரம் நாற்பதாயிரம் பிரதி போனது. அச்சடித்தவர்களில், அதில் உள்ளதை நம்பி வாரியத்தின் படி ஏறிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எனக்கு நாற்பத்தோரு வயது. மகள் கல்லூரியில் முதல் வருடம். கணவர் கண்ணாடிக் கடையில் வருகிறவர்களை உட்கார வைத்து எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வை சோதிக்கிறவர். வீட்டுக்காரியம் எதுவும் அவர் கண்ணில் சட்டென்று படாது. எனக்கு மாதவிடாய் ஒன்பது நாள் தள்ளிப் போயிருந்தது. அவராக அதைக் கவனிக்கவில்லை. நான் சொன்ன பிறகு, "மாத்திரதான் போட்டாச்சே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

மாத்திரை போட்டது உண்மை. ஒருநாள் ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே நான் பஸ் ஏறி, எங்கள் முகம் தெரியாத ஏழாவது நிறுத்தத்தில் இறங்கி, ஒரு மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். திருடிய பொருளை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து விழுங்கினேன். பெட்டியையும் அதற்குள் மடித்து வைத்திருந்த பொடி எழுத்துக் காகிதத்தையும் உடனே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். பதினாறு வருடம் ஊரார் அச்சடித்த எல்லாவற்றையும் வரி விடாமல் படித்தவள், எனக்கென்று அச்சடித்த ஒரே காகிதத்தைப் படிக்காமல் எறிந்தேன்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மாத்திரை போட்ட நாலாம் நாள், போட்டாச்சே என்ற தைரியத்தில் இரண்டு பேரும் கவனமில்லாமல் இருந்துவிட்டோம். அதற்கப்புறம் இரண்டு நாள் கறை மாதிரிப் பட்டது. அதுதான் அந்த மாதத்துக் கணக்கா, இல்லை மாத்திரை செய்த வேலையா என்று தெரியவில்லை. பிறகு வரவேண்டிய தேதி வந்தது, தேதி மட்டும்தான் வந்தது. தள்ளிப் போனது மாத்திரையாலா, இல்லை நான் கர்ப்பமாகத்தான் இருக்கிறேனா? எனக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான்.

தோளுக்கு மேல் வளர்ந்த பெண் இருக்கிற வீட்டில் அம்மா வாந்தி எடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே காது மடல் சூடாகியது. தெருமுனை மருந்துக்கடைக்காரர் என் கணவரோடு தினம் டீ குடிப்பவர். தெரிந்த டாக்டர் அம்மாவின் அறைக்கு வெளியே எங்கள் தெருவே உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் நான் திருத்திய வரி எனக்கே ஞாபகம் வந்தது. அச்சகத்தில் பல்வலி என்று அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

வாரியம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. தெருவிலிருந்து மேலே வரை ஒவ்வொரு திருப்பத்திலும் 'இரகசியப் பிரிவுக்குச் செல்லும் வழி' என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். கடைசி அம்புக்குறிக்குள் விளக்கு எரிந்தது. வாசலில் காவலர் என்னை நிறுத்தி எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். மாத்திரை, அதற்குப் பிந்தைய கவனக்குறைவு உட்பட எல்லாவற்றையும் அவர் ஒரு சீட்டில் எழுதி உள்ளே அனுப்பினார். கூடத்தில் பதினைந்து இருபது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. "ஒம்பது நாள் தள்ளிப் போன அம்மா, ஒம்பது நாள் தள்ளிப் போன அம்மா, உள்ள வாங்க."

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரகசியம் போய்விடும் என்பதால் பிரச்சினையைச் சொல்லிக் கூப்பிடுவது அங்கே வழக்கமாம். எழுந்து நடந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் தாண்டிப் போனதும் திறந்துகொண்டார்கள்.

உள்ளே இரகசியப் பிரிவு எழுத்தர் புதுக் கோப்பு ஒன்றைத் தட்டித் தூசி போக்கினார். நல்ல மனிதர்தான், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. பயப்படாதீங்க. இங்க சொன்னது இந்த நாலு சுவத்த தாண்டாது."

"சார், ஒரே ஒரு கேள்விதான். மாத்திர போட்டா தள்ளிப் போகுமா? எத்தன நாள் வரைக்கும் போகலாம்?"

"கேள்விக்கு அப்புறம் வரலாம். முதல்ல இரகசியக் காப்ப முடிச்சிடலாம். இப்ப உங்க விஷயம் எனக்குத் தெரிஞ்சு போச்சு இல்லையா? தெரியாதுன்னு நான் உறுதிமொழி எடுக்கணும். அதுக்கு ரெண்டு சாட்சி வேணும்."

"சாட்சிக்கு விஷயம் தெரிஞ்சுடுமே சார்."

"தெரியாம எப்படிம்மா சாட்சிக் கையெழுத்துப் போடுவாங்க? அவங்களும் உறுதிமொழி எடுப்பாங்க. கவலப்படாதீங்க."

"அப்ப அவங்களுக்கு?"

"ஆளுக்கு ரெண்டு சாட்சி" என்றார், ஒன்றும் ஆகாதது போல. "தலைவர் கையெழுத்துல போய் முடிஞ்சிடும். அவருக்குச் சாட்சி வேண்டாம்."

நேரே தலைவரிடமே போய்விட்டால் என்ன என்று கேட்டேன். முறை என்று ஒன்று இருக்கிறதே என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் எழுந்து நின்று வலது கையை நீட்டிக் கணீரென்று படித்தார்.

"இந்தக் கோப்பில் கண்ட பெண்மணிக்கு மாதவிடாய் ஒன்பது நாள் தள்ளிப் போயிருப்பதும், அவர் அவசரக் கருத்தடை மாத்திரை போட்டுக்கொண்டதும், அதற்குப் பின்னும் அவர் கவனக்குறைவாக இருந்ததும் எனக்குத் தெரியாது என்று உறுதி கூறுகிறேன்."

அடுத்து அந்த இரண்டு பேரும் நாலு பேர் முன்னால் படித்தார்கள். நாலு பேரும் எட்டுப் பேர் முன்னால் படித்தார்கள். எட்டுப் பேரும் வரிசையில் நின்று படிக்கத் தொடங்கியபோது எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. 'கவனக்குறைவாக' என்ற சொல் வரும்போதெல்லாம் ஒவ்வொருவரும் ஒருதரம் என்னைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு என் கைப்பையின் ஜிப்பை எத்தனை முறை திறந்து மூடினேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குள் எழுத்தர் என் பக்கம் குனிந்தார். "இது முடியறதுக்குள்ள நீங்க டாக்டரப் பாத்துட்டு வந்துடுங்கம்மா. நேரம் வீணாக வேண்டாம்."

டாக்டர் என்றதும் எனக்கு உயிர் வந்தது. கோடி அறையில் அவர் இருந்தார். என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு, "டாக்டர், எனக்கு ஒம்பது நாளா..." என்று ஆரம்பித்ததும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லாதீங்கம்மா. எனக்குத் தெரியக்கூடாது. முன்ன இருந்த டாக்டர் யார்கிட்டயோ ஏதோ சொல்லிட்டாராம். அதிலேர்ந்து நோயாளிக்கு என்னன்னு டாக்டருக்குத் தெரியக் கூடாதுன்னு சுற்றறிக்கை."

"மத்த எல்லாருக்கும் தெரியுதே டாக்டர்."

"அவங்க உறுதிமொழி எடுத்தவங்க. நாக்க நீட்டுங்க."

நீட்டினேன். நாக்கு நன்றாக இருக்கிறது என்றார். கண் இமையை இழுத்துப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார். காது கேட்கிறதா என்று கேட்டார். எனக்குக் கேட்டது, அவருக்குத்தான் கேட்கக்கூடாது. எழுந்துகொள்ளும்போது அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "நீங்க சொல்லாமலே எனக்குத் தெரியற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நான் அடிவயிற்றில் கை வைத்தேன். அவர் முகம் மாறியது. வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டி ஒருவர் எட்டிப் பார்த்தார். டாக்டர் வாயை மூடிக்கொண்டு, செரிமானத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது டாக்டர் தவிர அலுவலகத்தின் முப்பத்தோரு பேரும் எடுத்து முடித்திருந்தார்கள். ஆள் தீர்ந்துவிட்டது. காவலர், சிற்றுண்டிக் கடைக்காரர் எல்லோரும் அந்த முப்பத்தொன்றிலேயே அடக்கம். கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கீழ் மாடி எடை அளவு அலுவலகத்துலேர்ந்து கொஞ்சம் பேரக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

எனக்குத் திக்கென்றது. எதிர்வீட்டுக்காரர் எடை அளவு அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறார். கடைகளில் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. தெய்வமே, அவர் இன்று விடுப்பில் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். முப்பத்தேழாவது சாட்சியாக அவர் வந்து நின்றார்.

என்னைப் பார்த்ததும் பழக்கத்தில், "என்னம்மா, இந்தப் பக்கம்?" என்றார். அதற்குள் கையில் தாளைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நிமிடம் தனக்குள் படித்துப் பார்த்தார். காதுவரை சிவந்துபோனார். பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறவர், என் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், வலது கையை நீட்டிக்கொண்டு என் முகத்துக்கு நேரே நின்று, எனக்கு மாதவிடாய் தள்ளிப் போனது தனக்குத் தெரியாது என்று படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை நான் தரையில் ஒரு எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானத்தில் கண்ணீர் வரும் என்பார்கள், எனக்கு அன்று வியர்வைதான் வந்தது.

நாற்பத்தாறாவது சாட்சி முடிந்ததும் தலைவர் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் கோப்பின் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்ததும் இரண்டு வார்த்தை பேசலாம் என்று நினைத்துவிட்டார்.

"நான் இந்த வாரியத்துக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. இந்த நாலு வருஷத்துல ஒரு பெண்ணோட பிரச்சினை கூட எனக்குத் தெரியாது. இத நான் எங்க வேணா நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன். வீட்லயும் அப்படித்தான். என் மனைவி முப்பது வருஷத்துல இந்த மாதிரி ஒரு வார்த்த என்கிட்ட பேசினதில்ல. எங்க மூணு பிள்ளைங்க எப்படிப் பொறந்தாங்கன்னு இன்னி வரைக்கும் நாங்க பேசிக்கிட்டதில்ல. அதுக்குப் பேருதான் கண்ணியம். நம்ம பிரசுரத்தையே எடுத்துக்கங்க. யாரோ எழுதிக் கொடுத்ததுல கண்ண உறுத்தற மாதிரி மூணு வரி இருந்தது. எடுத்துட்டு ஒரு ரோஜாப்பூ போடச் சொன்னேன். எல்லாரும் எவ்வளவு பாராட்டினாங்க தெரியுமா?"

கை தட்டினார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் தட்டினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும், "சார், என் கேள்வி?" என்று எழுத்தரிடம் கேட்டேன்.

"கோப்பு இப்பத்தானேம்மா முழுசாச்சு. பதில் தபால்ல வரும். மூடின உறையிலதான் அனுப்புவோம், பயப்படாதீங்க. அதுவரைக்கும் இத வச்சிக்கங்க" என்று ஒரு பிரசுரத்தைக் கொடுத்தார்.

படியில் இறங்கிக்கொண்டே பிரித்தேன். 'மாத்திரைக்குப் பின்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே கட்டைவிரல் அளவுக்கு ஒரு ரோஜாப்பூ. அந்தப் பூவை எனக்குத் தெரியும். மூன்று வரி இடம் காலியாகிவிட்டது, என்ன போடலாம் என்று பக்கம் அமைப்பவர் கேட்டபோது, கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த ரோஜாவைப் போடச் சொன்னவள் நான்தான். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்புக்குறி விளக்கு என் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது.

அச்சகத்துக்குத் திரும்பினேன். பல்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்குப் பரவாயில்லை என்றேன். பழைய புரூப்களைக் கட்டாகக் கட்டிப் பரணில் போட்டு வைப்பது எங்கள் வழக்கம், பின்னால் யாராவது தகராறு செய்தால் காட்டுவதற்கு. ஏணி போட்டு ஏறி, போன வருடத்துக் கட்டை இறக்கிப் பிரித்தேன். வாரியத்திலிருந்து சிவப்பு மையில் 'நீக்கவும்' என்று எழுதி வந்திருந்தது. அந்த வரிகளின் மேல் என் நீல மையில், அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி நேராக மூன்று கோடுகள். ஓரத்தில் என் சுருக்கொப்பம். கோட்டுக்குக் கீழே எழுத்து நன்றாகவே தெரிந்தது.

"இந்த மாத்திரை, போடுவதற்கு முன் நடந்ததற்கு மட்டுமே, அதன் பிறகு நடப்பதற்கு அது காவல் இல்லை. மாதவிடாய் சில நாள் முந்தியோ பிந்தியோ வரலாம், இடையில் சிறிது கறை படலாம். ஒரு வாரத்துக்கு மேல் பிந்தினாலோ, மாத்திரை போட்டு மூன்று வாரத்துக்குள் வராவிட்டாலோ, சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்."

புரூப் பார்க்கிறவள் வாக்கியத்தைப் படிப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறாள் என்று இத்தனை வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் நாற்பத்தாறு பேர் முன்னால் பட்ட வெட்கம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தோன்றியது. நாற்பதாயிரம் பேர் இந்தத் தலைப்பைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள். அதில் எத்தனை பேர் பூவைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்களோ, எனக்குத் தெரியாது.

சாயங்காலம் தெருமுனை மருந்துக்கடைக்கே போனேன். கர்ப்பம் பார்க்கிற அட்டை வேண்டும் என்று கேட்டபோது என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கணவரின் டீக்கடைத் தோழர், "ஒண்ணா, ரெண்டாம்மா?" என்றார். அவ்வளவுதான். இதற்காகவா ஒரு கட்டடமே கையெழுத்துப் போட்டது என்று ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை குளியலறையில் அட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கோடு வந்தது, இரண்டு வந்தால்தான் கர்ப்பம். இரண்டாவது கோட்டுக்காகச் சொன்ன நேரம்வரை கண் கொட்டாமல் காத்திருந்தேன், வரவில்லை. அட்டையை மறுபடி ஒருதரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து மாதவிடாய் வந்தது, வழக்கத்தைவிட அதிகமாகவே.

கணவரிடம் சொன்னபோது, "நான்தான் சொன்னேனே" என்றார். அவர் சொன்னதில் பாதி தப்பு என்பதை மூன்று வரியையும் ஒப்பித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "அதிருக்கட்டும், எதிர்வீட்டுக்காரர் வழில நிறுத்தி, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மூணு தடவ சொன்னார். என்ன தெரியாதுன்னு கேட்டேன். அதயும் சொல்ல மாட்டேன்னுட்டார்" என்றார்.

ஆறு வாரம் கழித்துப் பிரசுரத்தின் இரண்டாம் பதிப்பு வேலைக்கு வந்தது. தலைவர் படம் பெரிதாக வரவேண்டும், மற்றபடி மாற்றம் எதுவும் இல்லை என்று கடிதம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடித்த வரி தப்பாக அடிபட்டது என்று தெரிந்தால், அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். அந்த வரி உயிரோடு திரும்பிவிடும். பரணிலிருந்து பழைய புரூப்பை எடுத்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று வீரமாக எல்லாம் நினைக்கவில்லை. பயந்துகொண்டேதான் மூன்று வரிக்கும் கீழே புள்ளி வைத்தேன்.

பக்கம் அமைப்பவர் வாங்கிப் பார்த்தார். "ரோஜா?"

"எடுத்துடுங்க."

புரூப் வாரியத்துக்கு ஒப்புதலுக்குப் போனது. நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் பதினொரு அதிகாரிகளின் கையெழுத்தோடும் தலைவரின் கையெழுத்தோடும் திரும்பி வந்தது. அதில் ஒரே ஒரு திருத்தம்தான் இருந்தது. தலைவர் படத்தில் மீசை மங்கலாக இருக்கிறதாம். மீசையைக் கறுப்பாக்கி அறுபதாயிரம் அடித்துக் கொடுத்தோம்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை... இல்லை, ஞாயிறு தபால் கிடையாது, சனிக்கிழமை. மகள் வாசலிலிருந்து ஒரு உறையைக் கொண்டுவந்தாள். ஐந்து அரக்கு முத்திரை. குறுக்கே கொட்டை எழுத்தில், 'மிக இரகசியம்: மாதவிடாய் தள்ளிப் போனது தொடர்பாக.'

"அம்மா, இது உனக்கு. போஸ்ட்மேன் படிச்சுட்டுத்தான் குடுத்தார்" என்று மேசைமேல் வைத்தாள். என்ன ஏது என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்காமல் உள்ளே போய்விட்டாள். என் முகத்தைப் பார்த்துத்தான் போயிருப்பாள். நானும் என் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படிப் போனவள்தான்.

பிரித்தேன். 'தங்கள் கேள்விக்கு வாரியத்தின் பதில் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரிக் கடிதம். இணைப்பு, புதுப் பிரசுரம். மாத்திரைக்குப் பின் என்ற தலைப்பின் கீழே, பிழையில்லாமல், என் மூன்று வரி. கூடவே நான் நிரப்பி அனுப்பவேண்டிய படிவம் ஒன்று. அதில் ஒரே கேள்வி: 'இந்த இரகசியம் தங்கள் தரப்பிலிருந்து யாருக்கேனும் தெரிவிக்கப்பட்டதா?'

பேனாவை எடுத்து, 'கணவரைத் தவிர இன்னும் யாருக்கும் இல்லை' என்று எழுதினேன். பிறகு பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன்.